பெட்டியில் இருக்கும் எண்ணை வாங்காதீர்கள்: கேமரா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேமரா பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 24 மெகாபிக்சல் கேமரா, 45 மெகாபிக்சல் கேமரா இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். விலையில் நிறைய வித்தியாசம். வீட்டு விசேஷம், பயணம், இவ்வளவுதான் என் தேவை. எதை வாங்கலாம்?

பதில்: 24. ஏ4 தாள் அளவுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நெருக்கமாக அச்சடிக்கக்கூட 9 மெகாபிக்சல் போதும். மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

கேள்வி: மகள் ரொம்ப நாளாகக் கேட்டாள் என்று ஆன்லைனில் ஒரு சின்ன கேமரா வாங்கிக் கொடுத்தேன். '48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று போட்டிருந்தார்கள். படம் என் பழைய போனைவிட மோசமாக வருகிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இப்போது கேமராவை எடுப்பதே இல்லை. விற்றவர் 'பொருளில் குறை இல்லை' என்று திரும்ப வாங்க மறுக்கிறார். என்ன கோளாறாக இருக்கும்?

பதில்: கோளாறு இல்லை அம்மா, அதைச் செய்ததே அப்படித்தான். உங்கள் மேல் தப்பும் இல்லை. பெட்டியில் அச்சடித்ததை நம்பித்தானே யாரும் வாங்குவார்கள்? எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்குவது சென்சார். இந்த மலிவு கேமராக்களில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் உண்மையில் இருக்கும் பிக்சல்கள் பெட்டியில் போட்டிருப்பதைவிட மிகக் குறைவு. எடுத்த படத்தை உள்ளேயே இழுத்துப் பெரிதாக்கி, நடுவில் விழும் காலியிடங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்பிவிடுகிறார்கள். இதற்கு இன்டர்போலேஷன் என்று பெயர். ஃபைல் பெரிதாகும், ஆனால் படத்தில் ஒரு இமைமுடிகூடப் புதிதாகச் சேராது. '16 மடங்கு ஜூம்' என்பதும் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம்தான். அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவது. அதை நீங்களே பிறகு போனில் செய்துகொள்ளலாம். லென்ஸ் நகர்ந்து தூரத்தை அருகில் கொண்டுவரும் ஆப்டிகல் ஜூமை மட்டும் கணக்கில் எடுங்கள்.

நல்ல நிறுவனங்களும் இந்த எண் விளையாட்டில் சேர்ந்துகொள்கின்றன என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. '1 அங்குல சென்சார்' என்று விற்பதை அளந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை பார்த்தாலும் 16 மில்லிமீட்டர்தான் வரும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த கணக்கு அது. குழாய் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, அந்தக் கணக்கை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். அதனால் சென்சார் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். சின்ன கேமராக்களில் சாதாரணமாக வருவது சுமார் 6.2-க்கு 4.6. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவில் சுமார் 23.5-க்கு 15.6. பரப்பில் 13 மடங்கு வித்தியாசம். இருட்டிய அறையில் எடுத்த முகம் தெளிவாக வருமா, புள்ளி புள்ளியாக வருமா என்பதை இதுவும் லென்ஸும்தான் தீர்மானிக்கும்.

இப்போது உங்கள் பணம். தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை 48 மெகாபிக்சலில் ஒரு படம், மெனுவில் இருக்கும் 12 மெகாபிக்சலில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் கணினியில் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் இரண்டிலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அதுவே நல்ல ஆதாரம். விற்பனைப் பக்கத்தை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். 'பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள். 'விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை' என்று எழுதுங்கள். முதலாவதை அவர்கள் தள்ளிவிட முடியும், இரண்டாவதைத் தள்ளுவது கஷ்டம். விற்றவர் அசையாவிட்டால் அந்தத் தளத்திடமும், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதிக்க வேண்டாம், இதற்கெல்லாம் கெடு உண்டு.

கேள்வி: எந்த பிராண்டு நல்லது?

பதில்: கடையில் கையில் பிடித்துப் பாருங்கள். எது உங்கள் விரலுக்கு ஒத்துவருகிறதோ அது.

கேள்வி: ஃபுல் ஃப்ரேம் கேமராதான் சிறந்தது என்று நண்பர் சொன்னார், வாங்கிவிட்டேன். லென்ஸ் தனியாக வாங்க வேண்டும் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கி மாட்டினேன். 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 10-தான் வருகிறது. கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: எதற்கு? கேமராவின் பெயருக்குப் பக்கத்திலேயே 'பாடி மட்டும்' என்று போட்டிருந்திருக்கும். ஃபுல் ஃப்ரேம் என்றால் ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய சென்சார். நீங்கள் வாங்கிய லென்ஸ் ஏபிஎஸ்-சி கேமராவுக்கானது, அதுவும் அதன் விவரத்தில் இருக்கும். அதை மாட்டியதும் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது, அதனால்தான் 10. பெரிய சென்சாருக்குப் பணம் கட்டிவிட்டு அதில் பாதியைக்கூட நீங்கள் பயன்படுத்தவில்லை. லென்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். இனி வாங்கும் முன் ஒரு பக்கமாவது படியுங்கள்.

கேள்வி: பள்ளி மேடையில் மகன் ஆடும்போது எடுக்கும் படம் எல்லாம் கலங்கிவிடுகிறது. கேமராவுடன் வந்த 18-55 லென்ஸ்தான் வைத்திருக்கிறேன். அதிர்வு தடுக்கும் வசதி உள்ள புது கேமரா வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த வசதி உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், மகனின் ஆட்டத்தை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) வேகமாகத் திறந்து மூட வேண்டும், வேகத்துக்கு ஒளி வேண்டும். உங்கள் லென்ஸ் 55-இல், அதாவது முழு ஜூமில், அதிகபட்சம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். பெரும்பாலான நிறுவனங்களின் வரிசையில் விலை குறைந்த லென்ஸ்களில் அதுவும் ஒன்று. ஜூம் கிடையாது, முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.

கேள்வி: எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: கற்றுக்கொள்ள என்றால் தாராளமாக. டிஎஸ்எல்ஆருக்குள் லென்ஸ் காட்டுவதை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி இருக்கும், மிரர்லெஸ்ஸில் அது கிடையாது, அவ்வளவுதான். கேனானும் நிக்கானும் 2018-லேயே ஃபுல் ஃப்ரேமில் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டன, ஆனால் பழைய லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. கேனானின் ஈஎஃப் மவுன்ட் (லென்ஸை மாட்டும் வளையம்) 1987-இல் வந்தது, நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-இல்.

ஆனால் பார்த்து வாங்குங்கள். 'புதிது மாதிரி' என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் வாங்கிய ஒரு லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. விற்றவருக்கு அது தெரியும். அதற்குப் பிறகு போனை அவர் எடுக்கவே இல்லை. அதனால் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லென்ஸை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி தெரியும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை கேமராக்களில் 1 லட்சம் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். சோதிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பாதி விலைக்குக் கிடைத்த 512 ஜிபி மெமரி கார்டில் தங்கை கல்யாணப் படங்களை எடுத்தேன். முதல் சில நூறு படங்கள் திறக்கின்றன, மற்றவை திறக்கவே இல்லை. மீட்க முடியுமா?

பதில்: படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. பெரும்பாலும் அது போலிக் கார்டு. சின்னக் கார்டுக்குள் அளவை மாற்றி எழுதி 512 என்று காட்ட வைப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு எடுத்த படங்கள் எங்கேயும் பதிந்திருக்காது, அல்லது பழையதன் மேல் எழுதப்பட்டிருக்கும். அப்படிப் போனவற்றை எந்தக் கடையாலும் மீட்க முடியாது, 'முயற்சி செய்கிறோம்' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். திறக்கும் படங்களை உடனே வேறு இடத்தில் நகல் எடுங்கள். கார்டில் இனி ஒன்றும் எழுத வேண்டாம், புகாருக்கு அதுதான் சாட்சி. அப்புறம், கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அவரவர் போனில் இருப்பதைக் கேளுங்கள். இன்றே கேளுங்கள், நாளாக ஆக அழித்துவிடுவார்கள்.