மகள் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகட்டுமா என்று கேட்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

மகள் பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறாள். டாக்டருக்குப் படிப்பாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்க, "நோய் ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள். மரபணுவைத் திருத்தி ஒரு ரத்த நோய்க்குச் சிகிச்சை கண்டுபிடித்த செய்தியைப் படித்ததிலிருந்து இதே பேச்சுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் என்றால் பாதை தெரிகிறது, இதில் பிள்ளை எங்கே போய் நிற்பாள் என்பது உங்கள் பயம். நியாயமான பயம்தான். "கவலைப்படாதீர்கள், நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் படித்த அந்தச் செய்தியையே எடுத்துக்கொண்டு பேசுவோம். அதற்குப் பின்னால் என்னென்ன வேலைகள் நடந்தன என்று நீங்கள் இருவரும் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரிவாள்செல் சோகை என்பது பிறவியிலேயே வரும் நோய். சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி திரும்பத் திரும்ப வரும். 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வளைந்த செல்களைப் பற்றி எழுதினார். கோளாறு ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் இருக்கிறது என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். அந்தப் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது என்று 1950-களின் பிற்பகுதியில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். ஆக, நோயின் மூல காரணம் அப்போதே கைக்கு வந்துவிட்டது. ஆனால் வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998-இல். மரபணுத் திருத்தச் சிகிச்சையான கேஸ்ஜெவிக்கு அனுமதி கிடைத்தது 2023 நவம்பரில் பிரிட்டனிலும், டிசம்பரில் அமெரிக்காவிலும்.

இவ்வளவு காலம் ஏன் ஆனது என்பதில்தான் உங்கள் மகளுக்கான பாடம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் மருந்து வந்துவிடாது. எந்த இடத்தில் கை வைத்தால் நோய் அடங்கும் என்று தெரிய வேண்டும். அந்த இடம் யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து கிடைத்தது. இந்த நோயோடு பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் முதல் சில மாதங்களுக்கு அரிவாள் செல்கள் மிகக் குறைவாகவே இருப்பதை 1948-இல் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கருவில் இருக்கும்போது நம் உடலில் வேறொரு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த பிறகு அது மெல்ல நின்றுவிடுகிறது. அது நிற்காமல் இருந்தால்? இந்தக் கேள்வி பல பத்தாண்டுகள் ஓடியது. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஏராளமான மனிதர்களின் மரபணுத் தகவலை ஒப்பிட்டுப் பார்த்த குழுக்கள், அதை நிறுத்தும் தடை பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று அடையாளம் கண்டன.

இதற்கும், மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிரிஸ்பர் என்ற கருவிக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. தயிர், சீஸ் தயாரிப்பில் பயன்படும் பாக்டீரியா வைரஸிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது என்று ஒரு உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கட்டுரை வந்தது 2007-இல். அந்தப் பாக்டீரியா ஆயுதத்தை, விரும்பிய இடத்தில் டிஎன்ஏ-வை வெட்டும் கருவியாக 2012-இல் மாற்றிக் காட்டியவர்கள் எம்மானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிபர் டௌட்னாவும். 2020-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். கேஸ்ஜெவியில் நடப்பது என்னவென்றால், ரத்தத்தை உருவாக்கும் நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்தப் பிசிஎல்11ஏ தடை ரத்தச் செல்களில் வேலை செய்யாதபடி வெட்டிவிட்டு, திரும்ப உடலில் செலுத்துகிறார்கள். பழுதான மரபணுவைத் தொடுவதே இல்லை. கருவில் இருந்த ஹீமோகுளோபின் மறுபடி சுரக்க ஆரம்பிக்கிறது. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதம் தொடர்ச்சியாகக் கடுமையான வலி வரவில்லை. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் மனம் நிறையும் விஷயம். உங்கள் மகள் இதைப் படித்துவிட்டுத் தூங்காமல் இருந்திருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது இதை வேலையாகப் பாருங்கள். குழந்தைகளின் ரத்தத்தைக் கவனித்தவர் டாக்டர். புரதத்தைப் பிரித்தவர்கள் வேதியியல், இயற்பியல் படித்தவர்கள். மரபணுத் தகவலை ஒப்பிட்டவர்களுக்குப் புள்ளியியலும் கணினியும் கைவந்த கலை. பாக்டீரியாவைப் பார்த்தவர்கள் நுண்ணுயிரியல்காரர்கள். அப்புறம், நோயாளியின் செல்களைத் தூய அறையில் வைத்துத் திருத்தி, செல்கள் நிரப்பிய ஒவ்வொரு பையையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் தயாரிப்பு, தரக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யக் கடுமையான கீமோ மருந்து கொடுக்க வேண்டும். அந்த வாரங்களில் நோயாளியின் பக்கத்தில் இருக்கும் நர்ஸுகள் இருக்கிறார்கள். அனுமதிக்கான ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதியவர்கள், அதைப் படித்துக் கேள்வி கேட்ட அரசு அதிகாரிகள் இருக்கிறார்கள். "மருத்துவ ஆராய்ச்சி" என்று உங்கள் மகள் ஒற்றைச் சொல்லாகச் சொல்வதற்குள் இத்தனை பேரின் தொழில் இருக்கிறது. எல்லோரும் பிஎச்டி முடித்தவர்கள் இல்லை. இளநிலைப் பட்டத்தோடு நல்ல வேலையில் இருப்பவர்களும் இதில் நிறைய.

ஆகவே அவளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த நோய் பிடிக்கும் என்பது அல்ல. எந்த மாதிரி நாள் பிடிக்கும் என்பதுதான்.

ஆய்வக வேலையை எடுத்துக்கொள்வோம். மனிதச் செல்களை 37 டிகிரி வெப்பத்தில் இன்குபேட்டரில் வளர்ப்பார்கள். அவற்றுக்கு ஊட்டமாக இருக்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் பெருகி அமிலம் கூடினால் மஞ்சளாக மாறும். மஞ்சளானால் மாற்றியாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி. திரவம் கலங்கலாக இருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம், மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி இன்னும் மோசம். திரவம் தெளிவாகவே இருக்கும், சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, தனியாகச் சோதித்தால்தான் அகப்படும். அதைச் சோதிக்காமல் மாதக்கணக்கில் எடுத்த முடிவுகள் வீணாகப் போகலாம். இந்த வேலையை ரசித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கை நிதானம், நோட்டில் ஒன்று விடாமல் எழுதும் பழக்கம், தோற்றுப்போன சோதனையைக் கோபப்படாமல் மறுபடி செய்யும் பொறுமை, இவை இருக்கிறவர்களுக்கு இது சொர்க்கம். இல்லாதவர்களுக்கு, எவ்வளவு புத்திசாலிகளாக இருந்தாலும், இரண்டு வருடத்தில் வெறுத்துப்போகும்.

மனிதர்களோடு பேசப் பிடிக்கும் பிள்ளை என்றால் கிளினிக்கல் டிரையல் பக்கம் இருக்கிறது. புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும்போது, ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவதிலிருந்து, குறித்த நாளில் ரத்தம் எடுத்தார்களா என்று பார்ப்பதுவரை ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. தீவிரமான பக்க விளைவு ஏதாவது வந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சுவாரஸ்யம் குறைவு என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு மருந்து பாதுகாப்பானது என்று உலகம் நம்புவது இந்த வேலையை வைத்துத்தான்.

கணக்கு நன்றாக வருகிற பிள்ளை என்றால் உயிரிப் புள்ளியியல், உயிரித் தகவலியல், அதாவது ஆய்வுத் தரவுகளைக் கணக்காலும் கணினியாலும் அலசும் வேலை. இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆய்வகத்தில் உட்காரப் போகிறவளுக்கும்கூட இந்தத் திறமை இன்று அவசியம்.

ஏஐ வந்து இந்த வேலையெல்லாம் போய்விடாதா என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கிறது. 2022-க்குள் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் கணிப்புகள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அதை உருவாக்கியதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. முன்பு ஒரு புரதத்தின் வடிவத்துக்காகவே வருடக்கணக்கில் செலவிட்டவர்களின் வேலை உண்மையிலேயே மாறிவிட்டது, இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் புரதம் நோய்க்குக் காரணம், அதைத் தடுத்தால் நோயாளி பிழைப்பாரா என்ற கேள்விகளுக்கு வடிவம் மட்டும் பதில் சொல்லாது. அதற்குச் செல்லிலும் விலங்கிலும் கடைசியில் மனிதரிலும் சோதிக்கத்தான் வேண்டும். ஆகவே ஏஐ-யைப் பார்த்துத் துறையை விட வேண்டாம். பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழியைக் கல்லூரி முதல் ஆண்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

தோல்வியைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறைக்குப் பிள்ளையை அனுப்புவது சரியில்லை. மனிதர்களிடம் சோதனைக்கு வரும் புது மருந்துகளில் சுமார் 10-ல் 9 அனுமதி வரை போவதில்லை. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் குறிவைத்து எத்தனையோ மருந்துகள் தோற்றன. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப்கூட, 18 மாதச் சோதனையில் நோய் மோசமாகும் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது, அவ்வளவுதான். சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வந்தது. இதில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள் திறமையில்லாதவர்கள் அல்ல. ஒரு மருந்து தோற்பதும் ஒரு ஆராய்ச்சியாளர் தோற்பதும் வேறு வேறு என்று பிள்ளைக்கு இப்போதே தெரிய வேண்டும். வீட்டில் உங்களுக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களில் அவள் போன் செய்வது உங்களுக்குத்தான்.

கேட்டலின் கரிக்கோ என்ற ஆராய்ச்சியாளரின் கதையை அவளும் படித்திருப்பாள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏ-வை மருந்தாக்கலாம் என்று நம்பினார், நிதி கிடைக்கவில்லை, 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார், 2005-இல் ட்ரூ வைஸ்மேனோடு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார், 2023-இல் இருவருக்கும் நோபல். இதை ஊக்கக் கதையாக மட்டும் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அப்படி ஒரு நிலைமை வரும்போது எல்லோராலும் தாக்குப்பிடிக்க முடியாது, தாக்குப்பிடிக்காதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அதனால் ஆய்வுப் பொருள் எதுவாக இருந்தாலும், அது கைவிட்டால்கூட வேறு இடத்தில் வேலை வாங்கித் தரும் ஒரு திறமையை அவள் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். தரவுப் பகுப்பாய்வு, செல் தயாரிப்பு முறைகள், தெளிவாக எழுதுவது, இவற்றில் ஒன்றாவது.

காலக் கணக்கு இது. பட்டப்படிப்பு, முதுநிலை, அப்புறம் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக 4 முதல் 6 வருடம். சொந்தமாக ஆய்வுக் குழு நடத்த வேண்டுமென்றால் அதற்குப் பிறகும் சில வருடம் போஸ்ட்டாக் வேலை, அதாவது இன்னொருவரின் குழுவில் தற்காலிக ஆராய்ச்சியாளர் வேலை. பேராசிரியர் பதவிகள் குறைவு, பிஎச்டி முடிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைகளுக்குத்தான் போகிறார்கள். அது தோல்வி இல்லை, மேலே சொன்ன அத்தனை தொழில்களும் அவர்களை எதிர்பார்த்திருக்கின்றன. அறிவியலில் நல்ல ஆய்வகங்கள் பெரும்பாலும் மாணவருக்கு உதவித்தொகை கொடுத்துத்தான் சேர்த்துக்கொள்ளும். பெரும் தொகை கட்டி முனைவர் பட்டத்தில் சேரச் சொல்லும் இடத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

சேரும் காலம் வரும்போது, நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியை விசாரிப்பது முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? அவர் அறையில் இல்லாத நேரத்தில் இப்போதைய மாணவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். அவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

மருத்துவம் படித்துவிட்டும் இந்தப் பக்கம் வரலாம் என்பதை உங்கள் மகள் யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் அனுமதி கிடைத்த இமாடினிப் மாத்திரையை நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும் என்று விடாமல் நின்ற பிரயன் டிரக்கர் ஒரு மருத்துவர். நோயாளியைப் பார்க்கும் ஆசை அவளுக்குக் கொஞ்சமாவது இருந்தால் இந்த வழியையும் மேசையில் வையுங்கள். இல்லவே இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். மனமில்லாமல் மருத்துவம் படிப்பது அவளுக்கும் நல்லதல்ல, அவளிடம் வரும் நோயாளிக்கும் நல்லதல்ல.

இந்த விடுமுறையில் அவள் ஒரு வேலை செய்யட்டும். அவளுக்குப் பிடித்த அந்தச் சிகிச்சையைப் பற்றிய மூல ஆய்வுக் கட்டுரைகள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒன்றை எடுத்து, சுருக்கத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு, எப்படிச் செய்தார்கள் என்று விளக்கும் செய்முறைப் பகுதியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. எந்தப் படியைப் படிக்கும்போது "இதை நானே செய்து பார்க்க வேண்டும்" என்று தோன்றியது, எதைப் படிக்கும்போது சலித்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு வரட்டும். அடுத்த முறை நீங்கள் இருவரும் என்னைப் பார்க்க வரும்போது அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தப் பட்டப்படிப்பு என்று முடிவு செய்வோம்.