பகுதி அகலம் மொத்த அகலத்தைத் தாண்டுகிறதே, ஏன்?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஹிக்ஸ் துகள் பாட்டம் குவார்க் இணையாகச் சிதையும் வாய்ப்பைக் கணக்கிடுவது என் ப்ராஜெக்ட். அந்தச் சிதைவின் அகலம் (சிதைவு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை ஆற்றல் அலகில் சொல்லும் அளவு) எனக்கு 5.6 எம்.இ.வி. (MeV) வருகிறது. ஹிக்ஸின் மொத்த அகலமே 4.1 தானாம். வாய்ப்பு நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சூத்திரம் தவறா?

பதில்: சூத்திரம் சரி, நிறைதான் தவறு. 5.6 என்ற எண்ணைப் பார்த்தாலே பாட்டம் நிறைக்கு 4.8 ஜி.இ.வி. (GeV, ஆயிரம் எம்.இ.வி.) போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. குவார்க்கின் நிறை ஒரே எண் அல்ல; எந்த ஆற்றலில் பார்க்கிறோமோ அதற்கேற்ப மாறும். அட்டவணைகளில் இருக்கும் 4.18-ஐப் போட்டாலும் 4.3 வரும், அதுவும் மொத்தத்தைவிட அதிகம். ஹிக்ஸின் 125 ஜி.இ.வி. ஆற்றலில் பாட்டம் நிறை சுமார் 2.8. சூத்திரத்தில் நிறை வர்க்கமாக வருவதால், விடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

கணக்கை இப்படிப் போடுங்கள்: 3 × ஃபெர்மி மாறிலி (1.166 × 10⁻⁵) × 2.8-இன் வர்க்கம் × 125. இதை 4 × √2 × பை, அதாவது 17.77 ஆல் வகுத்தால் 0.0019 ஜி.இ.வி., அதாவது 1.9 எம்.இ.வி. வரும். வலுவிசைத் திருத்தத்தில் முதல் படி 1.2 மடங்கு. அடுத்த படிகளையும் சேர்த்தால் 1.24 அளவில் வந்து, அகலம் 2.4-ஐ நெருங்கும். 4.1 ஆல் வகுத்தால் 58 சதவீதம்.

நிரலை நம்புவதற்கு முன் டௌ லெப்டானில் சோதியுங்கள். அதற்கு வலுவிசை இல்லை, சூத்திரத்தின் முன்னால் இருக்கும் 3-உம் (குவார்க்குகளின் மூன்று ‘வண்ணங்களுக்கானது’) இல்லை, நிறை 1.777. 0.26 எம்.இ.வி. வந்தால் மாறிலிகளும் அலகுகளும் சரி. 0.78 வந்தால் அந்த 3-ஐ எடுக்க மறந்திருக்கிறீர்கள்.

இனி மொத்த அகலம், அதாவது எல்லாச் சிதைவு வழிகளின் அகலங்களையும் கூட்டிய தொகை. கல்லூரி வாசல்களில் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்பவர்கள் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். வாங்கிய நிரல் கையில் இருந்தால், மொத்த அகலம் எந்த வரியில் கூட்டப்படுகிறது என்று தேடுங்கள். கூட்டலே இல்லாமல் 4.1 என்று நேரடியாக எழுதியிருந்தால், அது கணக்கு இல்லை, விடையைப் பார்த்து எழுதியது. ஹிக்ஸ் நிறையை 140 ஆக மாற்றி ஓட்டுங்கள். மொத்தம் அசையாவிட்டால் அந்த நிரலைத் தூக்கி எறியுங்கள். வைவாவில் பக்க எண்ணிக்கையையும் பைண்டிங்கையும் பார்க்கிறார்களே தவிர, நிரலை ஒருமுறை ஓட்டச் சொல்பவர் அபூர்வம். இந்தக் கடைகள் அதனால்தான் பிழைக்கின்றன.

மொத்தத்தை நீங்களே கூட்டும்போது, ஹிக்ஸ் இரண்டு டபிள்யூ துகள்களாகச் சிதையும் வழியில் சிக்குவீர்கள். ஒரு டபிள்யூவின் நிறை 80.4, இரண்டு சேர்ந்தால் 160.8. ஹிக்ஸிடம் இருப்பது 125. இரு துகள் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வரும். உடனே பூஜ்யம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு டபிள்யூ தன் முழு நிறையோடு வரும், இன்னொன்று குறைந்த நிறையோடு மெய்நிகராகத் தோன்றி உடனே லெப்டான்களாகவோ குவார்க்குகளாகவோ உடைந்துவிடும். இந்த வழிக்கு மட்டும் 21 சதவீதம். இதை விட்டால் பாட்டத்தின் பங்கு 58-க்குப் பதில் 73 என்று வந்து நிற்கும். நூறுக்குள் இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது! மெய்நிகர் டபிள்யூவின் நிறையைப் பூஜ்யத்திலிருந்து 44.6 வரை தொகையிட வேண்டும். எடைச்சார்பில் (எந்த நிறைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சார்பு) டபிள்யூவின் அகலம் 2.1 ஜி.இ.வி. என்று வையுங்கள். இசட் இணைக்கும் இதே வழி, ஆனால் இரண்டும் ஒரே வகைத் துகள் என்பதால் கூடுதலாக ஓர் அரைப் பெருக்கம் உண்டு.

குளுவான் இணை சுமார் 8, சார்ம் இணை 3 சதவீதம். இவற்றை நீங்களே கணக்கிட மூன்று மாதம் போதாது. ஹெச்டிகே (HDECAY) என்ற இலவச நிரலில் எடுத்துக்கொண்டு, அதில் எடுத்தது என்று அறிக்கையில் எழுதுங்கள்.