கிராஞ்சி போர்க் கல்லறை எப்படி உருவானது? அங்கே இந்திய வீரர்கள் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிறகு கிராஞ்சியில் போர்க்கைதி முகாம் இருந்தது, இறந்த தோழர்களைக் கைதிகளே அங்கே புதைக்கத் தொடங்கினார்கள். 1946ல் சாங்கி, புவன விஸ்தா போர்க்கைதி முகாம்களின் கல்லறைகளையும் இங்கே மாற்றி நிரந்தரமாக்கினார்கள். 4,400க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அதில் 850க்கு மேல் யாரென்றே தெரியாதவர்கள்.

அப்புறம் மேட்டின் உச்சியில், விமானச் சிறகு போலக் கூரையோடு, 1957ல் திறந்த நினைவுச்சின்னம். உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானோர் பெயர் அதில் இருக்கிறது, இந்தியப் படைகளைச் சேர்ந்தவர்களும் சேர்த்துத்தான்.

பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்: அதற்கு நேர் பின்னால் இன்னொரு சின்னம் உண்டு, தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர். அங்கேயும் கொஞ்சம் நில்லுங்கள்.