ட்ரேயில் கிடந்த ஊசி குத்தியது, யார் பொறுப்பு?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். ஆபரேஷன் முடிந்து வரும் கருவிகளைக் கழுவி, பேக் செய்து, ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) ஏற்றுவது என் வேலை. கான்ட்ராக்ட் மூலம் சேர்ந்தேன். சம்பளம் 9,800 ரூபாய். இரண்டு மாதத்துக்கு முன் கழுவும்போது விரலில் ஊசி ஏறிவிட்டது. டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) மட்டும் போட்டு அனுப்பினார்கள். அந்த ஊசி பயன்பட்ட நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருந்ததாகப் பிறகு நர்ஸ் அக்கா சொன்னார். இப்போது ‘கையுறை போடாதது என் தவறு’ என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மறுத்ததால் ஒரு வாரமாக வர வேண்டாம் என்கிறார்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) என்று 392 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆனால் கார்டு கிடையாது. என்ன செய்வது?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுத்தது சரியான முடிவு. மேலும் வற்புறுத்தினால், நடந்ததை உங்கள் கையாலேயே தேதியோடு எழுதி, பதிவுத் தபாலில் மருத்துவமனைக்கும் கான்ட்ராக்டருக்கும் அனுப்புங்கள். ஊசி எப்படிக் குத்தியது என்று விவரமாக எழுதுங்கள். தையல் ஊசி, அதைப் பிடிக்கும் கருவியான நீடில் ஹோல்டரின் வாயிலேயே மாட்டியபடி, நூல் துண்டு தொங்க, ட்ரேயோடு வந்துவிடுவதுண்டு. சோப்பு நுரைக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஊசியை எடுத்து, கூரிய கழிவுக்கான வெள்ளைப் பெட்டியில் போட்டிருக்க வேண்டியவர்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்கள். தவறு தொடங்கிய இடம் அதுதான்.

கையுறை விஷயத்துக்கு வருவோம். எப்படிப்பட்ட கையுறை கொடுத்தார்கள்? பரிசோதனைக்குப் போடும் மெல்லிய உறையை ஊசி சுலபமாகத் துளைத்துவிடும். கருவி கழுவுகிறவருக்குத் தடித்த ரப்பர் கையுறை, ஏப்ரன், முகத்தடுப்பு எல்லாம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஊழியர்களுக்குத் தகுந்த பாதுகாப்புச் சாதனங்கள் தர வேண்டும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும், வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். ‘நீ கழிவு எடுப்பவள் இல்லையே’ என்று அவர்கள் சொல்லக்கூடும். ட்ரேயில் வந்த ஊசியை எடுத்துப் பெட்டியில் போடுவதும் கழிவைக் கையாளுவதுதான் என்பது என் வாதம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும், ரத்தம் படும் ஆபத்துள்ள மருத்துவமனையில் வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்பும் பயிற்சியும் தரச் சொல்கிறது. யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று அது பார்ப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 392 ரூபாய். 9,800 ரூபாயில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது 74 ரூபாய்தான். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 4 சதவீதம், சரியாக 392 ரூபாய். ஆக, அவர்கள் கட்ட வேண்டிய பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்திருக்கிறார்கள். இது சட்டவிரோதம். உங்களுக்குக் கார்டு இல்லை என்பதால், பிடித்த பணத்தைக் கட்டினார்களா என்பதே சந்தேகம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்று சொல்லி மருத்துவமனை நழுவ முடியாது. முதன்மை முதலாளி (கான்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனம்) என்ற முறையில் அதுவே பொறுப்பு. மூன்று வருடச் சீட்டுகளையும் ஜெராக்ஸ் எடுத்து, இ.எஸ்.ஐ. சேலம் துணை மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். முதலாளி கட்டவில்லை என்றாலும் இ.எஸ்.ஐ. பலனைக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலிக்க வழி இருக்கிறது.

மருத்துவமனை வேலையில் தொற்றும் நோய்கள் தொழில் நோய் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் வேலைக்கு முடியாமல் போனால் தற்காலிக ஊனப் பலனாக ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். கவனக்குறைவு என்று சொல்லி அதை மறுக்க முடியாது.

சிக்கல் ஒன்று இருக்கிறது. குத்திய அன்றே ரத்தம் எடுத்திருந்தால், அதற்கு முன் உங்களுக்கு நோய் இல்லை என்று காட்டியிருக்கலாம். இப்போது வேறு சான்று தேட வேண்டும். குழந்தை இருந்தால் கர்ப்ப காலத்தில் எடுத்த பரிசோதனைத் தாளைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி நெகடிவ் என்று இருந்தால் அது நல்ல ஆதாரம். ரத்த தானம் செய்த அட்டை இருந்தாலும் உதவும். இன்றைக்கே கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போய், நடந்ததைச் சீட்டில் எழுதச் சொல்லி ரத்தம் கொடுங்கள். இப்போது நெகடிவ் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். இந்தக் கிருமி ஆறு மாதம் வரை பதுங்கி வரும். ஆறாவது மாதம் மறுபடி பாருங்கள்.

வேலைக்கு வர வேண்டாம் என்றதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகாராகக் கொடுங்கள். வக்கீல் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம், உங்களோடு கருவி கழுவுகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஊசி குத்தினால் விரலைப் பிதுக்கக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுத வைத்து, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.