சேலத்துத் தண்ணீர்: கேட்டார்கள், சொன்னேன்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன.

கருப்பூர்: போர் தண்ணியில் சோப்பு நுரைப்பதே இல்லை. குக்கருக்குள் வெள்ளையாகப் படிகிறது. சிறுநீரகத்தில் கல் வருமா சார்?

மேக்னசைட் என்ற மெக்னீசியக் கல்லை வெட்டும் ஊரில் உப்புத் தண்ணிதான் வரும். பாறையின் மெக்னீசியமும் கால்சியமும் தண்ணீரில் கரைவதைத்தான் கடினத்தன்மை என்பார்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை குடிக்கலாம். கல்லுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தீர்களோ, அதுதான் கல்லை வரவழைக்கும்.

உத்தமசோழபுரம்: ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. போர் தண்ணியில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரில் 480 காட்டுகிறது. 500க்குள் இருந்தால் நல்ல தண்ணிதானே அண்ணா?

தம்பி, அந்த மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும், கிருமி தெரியாது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் சுத்தமாகத்தான் பிறக்கிறது. ஊருக்குள் சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்தபின் உங்கள் பக்கம் வருகிறது. ஒருமுறை கண்ணாடி மாதிரி தெளிவான கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தோம். மறுநாள் காலை பார்த்தால் மை மாதிரி கறுத்துக் கிடந்தது. மலக்கழிவு கலந்ததற்கான அடையாளம் அது. டிடிஎஸ் என்னவோ நல்ல எண்தான்!

கிருமியைக் காய்ச்சிக் கொன்றுவிடலாம். சாக்கடையோடு வரும் நைட்ரேட் என்ற உப்பு அப்படிப் போகாது, காய்ச்சக் காய்ச்சச் செறிவு கூடும். அதற்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். வீட்டில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிறீர்கள் என்றால், சோதித்துப் பார்க்கும்வரை போர் தண்ணி வேண்டவே வேண்டாம்.

அஸ்தம்பட்டி: காவிரித் தண்ணி திறந்ததும் கலங்கலாக வருகிறது, அப்புறம் குளோரின் வாடை. எது ஆபத்து?

கலங்கல்தான். தண்ணீர் விடாத நாளில் குழாய் காலியாகக் கிடக்கும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே இறங்கும். குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சும் வீடுகள் (யார் என்று தெருவுக்கே தெரியும்) இதை இன்னும் கெடுக்கின்றன. முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். லேசான குளோரின் வாடை நல்ல அறிகுறி. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

ஏற்காடு: எங்கள் ஊற்றுத் தண்ணி மூலிகைத் தண்ணி. இதையுமா காய்ச்சணும்?

ஆமாங்க. ஊற்றுக்கு மேலே யார் வீட்டு செப்டிக் டேங்க் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கிருமி சாக அது போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

தர்மபுரியில் அக்கா பையனுக்குப் பல்லில் பழுப்புக் கறை. தண்ணியாலா?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பாக இருக்கலாம். அந்தப் பக்கத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். விழுந்த கறை தண்ணீரை மாற்றினால் போகாது. ஃப்ளோரைடு பல்லோடு நிற்காமல் எலும்புக்கும் போகும், அதனால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

சோதனைக்குத் தண்ணீரை எதில் எடுத்துப் போவது?

கிருமிச் சோதனைக்கு ஆய்வகத்தில் தரும் பாட்டிலில்தான். சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒருவர் நல்லெண்ணெய் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்து வந்தார். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. மறுபடி எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன்.