இடையில் பத்துப் படிகள்

ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். கணிதத்தில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று ஆசை. வெளியில் சொன்னால், “பி.எட். முடித்து ஒரு வேலையைப் பார்” என்கிறார்கள். ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். எங்களைப் போன்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நான் பேசுவதைக் கேட்க விடுதி அறைத்தோழி ஒருத்திதான் உண்டு. அவள் படிப்பது வணிகவியல். புரியும்வரை விடமாட்டாள், நாலு தடவையாவது விளக்கச் சொல்வாள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

அந்த அறைத்தோழியைப் பற்றிப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது. அவரிடம் அப்புறம் வருகிறேன்.

ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16 அன்று. அந்த நாள்வரை அவரைத் தாங்கிப் பிடித்தவர்களை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் காலத்துக் கல்லூரி முதற்கட்டத் தேர்வான எஃப்.ஏ. தேறாமல், வேலையும் இல்லாமல் சென்னையில் நோயாகக் கிடந்தபோது, ராதாகிருஷ்ண ஐயர் என்ற கல்லூரி நண்பர் அவரைத் தன் இடத்துக்குக் கூட்டிப்போய், மருத்துவரிடம் காட்டி, ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். கிளம்பும்போது ராமானுஜன் தன் நோட்டுகளை அவர் கையில் கொடுத்தார். தான் இறந்துபோனால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடம் சேர்த்துவிடச் சொன்னார். இன்றும் உலகம் படித்துக்கொண்டிருக்கிற நோட்டுகள் கொஞ்ச நாள் ஒரு நண்பரின் பொறுப்பில் இருந்தன.

1910இல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயருக்கு, இந்த மூளையைத் தாலுகா ஆபீஸில் முடக்க மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படிக் கைமாறிக் கைமாறி ராமானுஜன் போய்ச் சேர்ந்த இடம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவருக்கு முதல் சந்திப்பில் நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான், ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்தது. மாதம் 25 ரூபாய் தன் கைக்காசிலிருந்து கொடுத்தார்.

ஆனாலும் இந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானவர் எஸ். நாராயண ஐயர்தான். சென்னைத் துறைமுகத்தில் 1912 மார்ச்சில் ராமானுஜன் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவருக்கு மேலதிகாரி. தானும் கணிதம் படித்தவர், திருச்சியில் பாடம் நடத்தியவர். ராத்திரியில் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை வீட்டில், இப்போதைய பாரதி சாலை, இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து பதினொன்றரை மணிவரை கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஒரே தாவாகத் தாவிவிடுவார். நாராயண ஐயர் விடமாட்டார். எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், இடையில் பத்துப் படியாவது எழுது என்பார். பகலில் மேலதிகாரியாக இருந்தவர், ராத்திரியில் தன் குமாஸ்தாவிடம் கூச்சமில்லாமல் “புரியவில்லை” என்று சொன்னார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. வெளியில் காட்டும்படி எழுதவேண்டும் என்ற பயிற்சியை இந்த மனிதர் ராத்திரி ராத்திரியாகக் கொடுத்தார்.

சரி, உங்கள் அறைத்தோழி. நாலு தடவை விளக்கச் சொல்கிற அவர் செய்வதும் இதைத்தான். கணிதம் படிக்காதவர் என்பதால் எந்தப் படியையும் நீங்கள் தாண்டிப் போக முடியாது. அவரோடு உட்கார்ந்து விளக்குவதை விட்டுவிடாதீர்கள்.

“யார் இருக்கிறார்கள்” என்று கேட்டீர்கள். ராமானுஜன் யாரிடமும் நோட்டு இல்லாமல் போகவில்லை. நீங்களும் அப்படியே போங்கள். எனக்குக் கணிதம் வருமா என்று கேட்டு எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. நீங்களே போட்டுப் பார்த்த ஒரு கணக்கு, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்பது, இரண்டு பக்கத்துக்குள், அதோடு ஒரே ஒரு கேள்வி: இவ்வளவை மட்டும் எழுதி அனுப்புங்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரி சென்னை கணிதவியல் நிறுவனத்திலும் இருக்கிற ஆசிரியர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அவர்கள் பக்கங்களிலேயே கிடைக்கும். ஒருவர் பதில் போடாவிட்டால் இன்னொருவர். எம்.டி.டி.எஸ். என்ற கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாம் 1993இலிருந்து நடக்கிறது. உங்களைப் போன்ற இளங்கலை மாணவர்களையும் எடுக்கிறார்கள். பதிலைச் சொல்லிக்கொடுக்காமல், கேள்வி கேட்டுக் கேட்டு மாணவர் வாயிலிருந்தே வரவழைப்பது அங்கே வழக்கம். உங்கள் அறையில் ஏற்கெனவே அதுதான் நடக்கிறது.

பி.எட். யோசனை சொன்னவர்கள் மேல் கோபம் வேண்டாம். அவர்கள் உங்கள் நோட்டைப் பார்த்ததில்லை. அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடித்ததும் முதலில் அறைத்தோழியிடம் கொடுங்கள். அவர் “புரிகிறது” என்றதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.