மெனு எங்கே போச்சு? ஆபீஸ், டேட்டாபேஸ் அப்டேட் பற்றிய கேள்வி பதில்

பழைய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் (வேர்டு, எக்செல்), ஆக்சஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் என்று கை பழகிப்போனவர்கள் புதுப் பதிப்புக்கு மாறிய பின் அனுப்பிய கேள்விகள் இவை. சிலவற்றில் கேள்வியைவிடக் கோபம்தான் அதிகம். அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

கேள்வி: நன்றாக இருந்த மெனுவைத் தூக்கிவிட்டு, மேலே டேப் டேபாகப் பொத்தான்களை அடுக்கிய இந்த ரிப்பனை ஏன் சார் கொண்டுவந்தார்கள்? யார் கேட்டார்கள்?

நேராக யாரும் கேட்கவில்லை. ஆனால் மெனு திணறிக்கொண்டிருந்தது உண்மை. வேர்டின் முதல் பதிப்பில் ஏறக்குறைய 100 கட்டளைகள் இருந்தன. வேர்டு 2003-க்கு வரும்போது அவை 1,500-ஐத் தாண்டிவிட்டன. அத்தனையையும் மெனுவுக்குள் மெனு, பெட்டிக்குள் பெட்டி என்று ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. புதிய வசதி கேட்டு வந்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ளே இருப்பவைதான் என்று ரிப்பனை உருவாக்கிய குழுவே சொன்னது. நடுவில் ஆபீஸ் 2000-இல், அதிகம் தொடாத கட்டளைகளைத் தானே மறைத்துக்கொள்ளும் மெனுவைக் கொண்டுவந்து பார்த்தார்கள். நேற்று இருந்தது இன்று இல்லை என்று எல்லோரும் திட்டியதுதான் மிச்சம்.

அப்புறம், யார் எதை அழுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வேர்டு 2003-இல் நடந்த மொத்தக் கட்டளைப் பயன்பாட்டில் பேஸ்ட் மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்டு ஐந்தும் சேர்ந்தால் சுமார் 32 சதவீதம். 2007-இல் வந்த ரிப்பனில் பேஸ்ட் பொத்தான் அவ்வளவு பெரிதாக முதலிலேயே உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

காரணம் சரி, செய்த விதம் சரியில்லை என்பது என் கட்சி. பழைய தோற்றத்துக்குத் திரும்ப ஒரு சுவிட்ச்கூட வைக்கவில்லை. ரிப்பனை நம் வசதிக்கு மாற்றி அடுக்கும் வசதியே 2010 பதிப்பில்தான் வந்தது. புதிதாகக் கற்பவருக்கு ஆதாயம், பத்து வருடம் பழகியவருக்கு நஷ்டம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு அப்டேட்டிலும் ஏதாவது ஒன்றைக் காணோம். தேடித் தேடியே பாதி நாள் போகிறது.

தேடத் தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். காணாமல் போனது இடம் மாறியிருக்கலாம், மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அடியோடு எடுக்கப்பட்டிருக்கலாம். இடம் மாறியதென்றால் ஆல்ட் + க்யூ அழுத்தி, மேலே வரும் தேடல் பெட்டியில் கட்டளையின் பெயரை அடியுங்கள். அங்கிருந்தே கட்டளையை இயக்கலாம், எந்த டேபில் இருக்கிறது என்று தோண்டவே வேண்டாம்.

மறைத்து வைத்ததற்கு நல்ல உதாரணம் குவிக் ஆக்சஸ் டூல்பார். ஆபீஸ் 2021-ஓடு வந்த புதுத் தோற்றத்தில் அது கண்ணில் படாமலே இருக்கும். ரிப்பனின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ குவிக் ஆக்சஸ் டூல்பார்' கொடுத்தால் வந்துவிடும். தினமும் தொடும் ஏழெட்டுக் கட்டளைகளை அதில் போட்டுவிடுங்கள். ஆல்ட் + 1, ஆல்ட் + 2 என்று விரலிலேயே நிற்கும். ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக வைத்துக்கொண்டால் புதுக் கணினியிலும் அதையே ஏற்றிக்கொள்ளலாம்.

அடியோடு எடுத்துவிட்டார்கள் என்றால் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மாற்றுவழிதான். அதற்கு உதாரணம் ஆக்சஸ் கேள்வியில் வருகிறது.

கேள்வி: எனக்கு ஆல்ட், ஈ, எஸ், வீ என்று அடித்து மதிப்பை மட்டும் ஒட்டித்தான் பழக்கம். எடிட் மெனுவே இல்லையே, இனி என்ன செய்ய?

அதையே அடியுங்கள். மெனு போனாலும் அதன் சாவிகள் எக்செலில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆல்ட் + ஈ அடித்ததும் மேலே சின்னதாக ஒரு பெட்டி வந்து, பழைய பதிப்பின் சாவியைத் தொடருங்கள் என்கிற மாதிரி காத்திருக்கும். எஸ், வீ, என்டர். அவ்வளவுதான். பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) விசார்டுக்கு ஆல்ட், டி (D), பி (P) என்பதும் அப்படியே வேலை செய்கிறது.

கேள்வி: டெக்ஸ்ட் கோப்பை எக்செலுக்குள் கொண்டுவந்தால் 00457 என்பது 457 ஆகிவிடுகிறது அண்ணா. முன்பு ஒவ்வொரு காலமாக (நெடுவரிசையாக) கேட்கும் விசார்டு இருந்தது. இப்போது கெட் டேட்டா என்று வேறு ஏதோ வருகிறது.

கணக்கு எண், ஊழியர் எண் என்று வேலை செய்பவர்களை அதிகம் படுத்தும் பிரச்சினை இதுதான். பழைய விசார்டை எடுக்கவில்லை, மறைத்திருக்கிறார்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போங்கள். அடிப்பகுதியில் 'ஷோ லெகசி டேட்டா இம்போர்ட் விசார்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' என்பதை டிக் செய்தால், கெட் டேட்டாவுக்குள் லெகசி விசார்ட்ஸ் என்று பழைய ஆள் வந்து நிற்பார். மூன்றாம் படியில் காலத்தைத் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' கொடுப்பதெல்லாம் முன்போலவே.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள், புது வழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் முன்னோட்டம் வரும். அங்கே 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்ற இடத்தில் 'டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' கொடுத்தால் பூஜ்ஜியம் பிழைத்துக்கொள்ளும். அதைத் தவறவிட்டு உள்ளே போய்விட்டால் வலது ஓரம் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலைப் பாருங்கள். 'சேஞ்ட் டைப்' என்று ஒரு படியை எக்செல் தானாகச் சேர்த்திருக்கும். உங்கள் பூஜ்ஜியத்தைத் தின்றது அதுதான், பக்கத்தில் உள்ள எக்ஸை அழுத்தி நீக்குங்கள். அடுத்த மாதம் அதே பெயரில் புதுக் கோப்பை வைத்துவிட்டு ரெஃப்ரெஷ் கொடுத்தால் எல்லாப் படியும் தானாக ஓடும். பழைய விசார்டில் மாதாமாதம் ஒவ்வொரு நெடுவரிசையாகக் கிளிக் செய்தோமே, அது மிச்சம். இந்த மாற்றத்தில் நான் மென்பொருள்காரர்கள் பக்கம்.

கேள்வி: பிவட் டேபிளில் ஃபீல்டைப் பிடித்து நேரே தாளில் இழுத்துப் போட முடியவில்லை.

பிவட்டில் ரைட் கிளிக், பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே, 'கிளாசிக் பிவட் டேபிள் லேஅவுட்'. முடிந்தது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆக்சஸ் 2003-இல் எழுதிய டேட்டாபேஸ் ஒன்று இருக்கிறது. எழுதியவர் இப்போது இல்லை. புது ஆக்சஸில் திறந்தால் டேட்டாபேஸ் விண்டோ இல்லை, ஃபார்ம்கள் எல்லாம் டேபாக ஒட்டிக்கொள்கின்றன, எங்கள் மெனுவும் இல்லை. பயமாக இருக்கிறது மேடம்.

முதலில் கோப்பை ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம் பயப்பட வேண்டாம், தரவு எங்கும் போகவில்லை.

டேட்டாபேஸ் விண்டோவுக்குப் பதிலாக 2007-இல் இடது பக்கம் நேவிகேஷன் பேன் வந்தது. அது தெரியவில்லை என்றால் எஃப்11. அப்படியும் வராவிட்டால், எழுதியவர் ஸ்டார்ட்அப்பில் மறைத்திருப்பார். ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி கோப்பைத் திறந்தால், ஸ்டார்ட்அப் அமைப்புகளைத் தாண்டி உள்ளே போகலாம் (அவர் அதையும் பூட்டியிருந்தால் தவிர). பேனின் தலைப்பைக் கிளிக் செய்து 'ஆப்ஜெக்ட் டைப்' கொடுத்தால் டேபிள், குவெரி, ஃபார்ம் என்று பழைய வரிசை வரும்.

ஃபார்ம்கள் தனித்தனி விண்டோவாக வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், கரன்ட் டேட்டாபேஸ் போய் 'ஓவர்லாப்பிங் விண்டோஸ்' தேர்ந்தெடுங்கள். டேட்டாபேஸை மூடித் திறந்தால்தான் மாறும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உங்கள் சொந்த மெனு 'ஆட்-இன்ஸ்' என்ற டேபில் ஒதுங்கியிருக்கும், போய்ப் பாருங்கள்.

உண்மையிலேயே எடுக்கப்பட்டவையும் உண்டு. பயனருக்குப் பயனர் அனுமதி கொடுக்கும் யூசர் லெவல் செக்யூரிட்டி புது .ஏசிசிடிபி வடிவத்தில் கிடையாது, பழைய .எம்டிபி கோப்பில் மட்டும்தான். உங்கள் டேட்டாபேஸ் அதை நம்பியிருந்தால் யோசிக்காமல் வடிவத்தை மாற்றிவிடாதீர்கள். ஃபார்மில் பிவட் பார்வை 2013-ஓடு போய்விட்டது, அதை எக்செலில்தான் செய்துகொள்ள வேண்டும். ஆக்சஸ் 97 கோப்பு ஏதாவது மூலையில் கிடந்தால், அதை 2013-உம் பிறகு வந்தவையும் திறக்காது. 2010 அல்லது அதற்கு முந்தையது எந்தக் கணினியிலாவது இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எஸ்.க்யூ.எல். சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் 'ஓப்பன் டேபிள்' போய், 200 வரிசை மட்டும் காட்டுகிறது. மீதியைத் திருத்த வேண்டாமா?

2005-இல் ஓப்பன் டேபிள் இருந்தது. 2008-இல் அதை 'செலக்ட் டாப் 1000', 'எடிட் டாப் 200' என்று பிரித்தார்கள். கோடி வரிசை உள்ள டேபிளை யாரோ ஒருவர் எதேச்சையாகத் திறந்து வைத்தால் சர்வர் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள், மாற்றம் நியாயமானதுதான். எண்ணை மாற்ற டூல்ஸ், ஆப்ஷன்ஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் ஆப்ஜெக்ட் எக்ஸ்ப்ளோரர், கமாண்ட்ஸ். 0 கொடுத்தால் எல்லா வரிசையும் வரும். ஆனால் பெரிய டேபிளில் அப்படிச் செய்ய வேண்டாம். எடிட் விண்டோவிலேயே எஸ்.க்யூ.எல். பேனைத் திறந்து ஒரு WHERE நிபந்தனை (எந்த வரிசை வேண்டும் என்பது) சேர்த்தால், உங்களுக்கு வேண்டிய வரிசை மட்டும் திருத்த வரும்.

கேள்வி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கான பிஜிஅட்மின் 3 விறுவிறுவென்று ஓடியது. 4 வந்து எல்லாம் பிரவுசர் மாதிரி ஆகி இழுக்கிறது.

இழுவை என்று ஆரம்பத்தில் எல்லோரும்தான் அலுத்துக்கொண்டார்கள். 2016-இல் வந்த 4, பழையதை ஒட்டுப்போட்டது அல்ல. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு புதிதாக எழுதியது. இப்போதைய பதிப்புகள் எவ்வளவோ தேவலை. அதற்கும் பொறுமை இல்லையென்றால், கட்டளை அடித்தே வேலை செய்யும் பிஎஸ்க்யூஎல் (psql) கற்றுக்கொள்ளுங்கள். \dt அடித்தால் டேபிள் பட்டியல், \d-யோடு டேபிள் பெயர் கொடுத்தால் அதன் அமைப்பு, \x போட்டால் அகலமான வரிசை நெடுக்காக விரியும். முகப்பு எத்தனை முறை மாறினாலும் இந்தக் கட்டளைகளில் யாரும் கை வைப்பதில்லை.

கேள்வி: சேவ் கொடுத்தால் கோப்பு மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) போகிறது. என் கணினியில் இருக்கட்டும் என்று எப்படிச் சொல்வது?

ஆப்ஷன்ஸ், சேவ். 'சேவ் டு கம்ப்யூட்டர் பை டிஃபால்ட்' டிக் செய்யுங்கள். பக்கத்திலேயே 'டோன்ட் ஷோ தி பேக்ஸ்டேஜ்' என்று தொடங்கும் ஒரு வரி உண்டு. அதையும் டிக் செய்தால் கன்ட்ரோல் + ஓ-வுக்குப் பழைய பெட்டி நேரடியாக வரும். சேவ் ஆஸ் வேண்டுமென்றால் எஃப்12.

கேள்வி: புது அவுட்லுக்கில் (மின்னஞ்சல் மென்பொருள்) எங்கள் ஆட்-இன், அதாவது கூடுதலாகப் பொருத்திய நிரல், வேலை செய்யவில்லை.

செய்யாது. காம் (COM) எனும் பழைய வகை ஆட்-இன்களுக்குப் புது அவுட்லுக்கில் இடமே இல்லை. கிளாசிக்குக்குத் திரும்புங்கள், குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஆட்-இன் எழுதியவரிடம் புது வகையில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அப்டேட்டே செய்யாமல் பழையதிலேயே இருந்தால் என்ன? இல்லையென்றால் இலவச லிப்ரேஆபீஸுக்குப் போய்விடலாமா?

பழையதிலேயே இருப்பதில் சிக்கல் பாதுகாப்புதான். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறக்கும் கணினியில் அதை வைத்திருக்க நான் சொல்ல மாட்டேன்.

லிப்ரேஆபீஸ் இந்த விஷயத்தில் மரியாதையாக நடந்துகொண்டது. 2017-இல் 5.3 பதிப்பில் ரிப்பன் போன்ற தோற்றத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தபோதும் பழைய மெனுவை எடுக்கவில்லை. இன்றும் வியூ, யூசர் இன்டர்ஃபேஸ் போய் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். கடிதம், சாதாரண கணக்குத் தாள் என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் ஆக்சஸை நம்பி இருப்பவர்கள் கவனிக்கவும்: லிப்ரேஆபீஸின் டேட்டாபேஸ் பகுதியான பேஸ் மூலம் ஆக்சஸ் டேபிளில் உள்ள தரவைப் படிக்க முடியும், ஃபார்ம், ரிப்போர்ட், விபிஏ கோடு (ஆக்சஸுக்குள் எழுதிய நிரல்) எதுவும் கூடவே வராது. அதையெல்லாம் புதிதாக எழுத ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.